டிகிரி வாத்தியார் வீட்டு உதாரணம்

லூர்துராஜ் பட்டம் வாங்கியவர் அல்லர். பழைய எஸ்.எஸ்.எல்.சி., அதற்குமேல் ஆசிரியப் பயிற்சி, அவ்வளவுதான். ஆனாலும் கள்ளக்குறிச்சியில் டிகிரி வாத்தியார் என்று கேட்டால்தான் அவர் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அதே பள்ளியில் பி.ஏ. முடித்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊர் பட்டம் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்பதில்லை.

பெயருக்குக் காரணம் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடம். டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன். ஒருவன் டால். அவனைவிட உயர்ந்தவன் டாலர். எல்லாரையும்விட உயர்ந்தவன் டாலஸ்ட். முதல் படி பாசிட்டிவ், இரண்டாவது கம்பேரட்டிவ், மூன்றாவது சூப்பர்லேட்டிவ். ஆங்கிலத்தில் ஒப்பிட்டால் சொல்லே வால் முளைத்து வளரும். தமிழில் உயரம் என்ற சொல் ஆடாமல் அசையாமல் நிற்கும். பக்கத்தில் நிற்கிறவன் பெயர்தான் அடிபடும். முனியனைவிடப் பழனி உயரம் என்று சொல்லிப் பாருங்கள். உருமாறியது முனியன்தான்.

இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு யாருக்கும் விளங்கவைக்க முடியாது என்பது லூர்துராஜின் கட்சி. அதனால் மூன்று பையன்களை முன்னால் வரிசையாக நிறுத்துவார். நெட்டை, அதைவிட நெட்டை, ஆக நெட்டை. வகுப்பு முழுக்கக் கோரஸாகச் சொல்லும். அவர் வகுப்பில் அந்தப் பாடத்தில் தவறியவன் கிடையாது. மற்ற பாடங்களில் தவறியவர்கள்கூட அதில் தவறவில்லை. வினையடைகளுக்கு அவர் பஸ்களை வைத்துக்கொண்டார். சேலம் போகும் பஸ் ஃபாஸ்ட்டாகப் போகிறது, அதைவிட ஃபாஸ்ட்டர், எல்லாவற்றையும்விட ஃபாஸ்ட்டஸ்ட். பஸ்களில் ஒன்றுகூட மனம் புண்பட்டதாகத் தகவல் இல்லை.

வம்பு நிறத்தில் வந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் புத்தகத்தில் ஃபேர், டார்க் என்ற சொற்கள் வந்தபோது, வழக்கம்போல மூன்று பையன்களை நிறுத்தி டார்க், டார்க்கர், டார்க்கஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் காலையில் ரிஷிவந்தியத்துப் பக்கத்திலிருந்து வேடியப்பன் என்ற கூலிக்காரர் பள்ளிக்கூட வாசலில் நின்றார். மூன்றாவதாக நின்ற பையனின் அப்பா.

"சார், எம்புள்ளைய கறுப்புன்னு சொல்லி நிக்க வெச்சீங்களாமே?"

"பாடத்துக்குத்தாம்பா. கறுப்புன்னு திட்டல."

"கறுப்புன்னு தெரியாமயா சார் பெத்தோம்? ஊர்ல தமிழ்ல சொல்றது பத்தாதுன்னு இங்கிலீஷ்ல வேற சொல்லணுமா?"

லூர்துராஜ் கூசிப்போனார். மோசமான மனிதர் அல்லர். அடுத்தவர் பிள்ளையை நிறம் சொல்லி இனிமேல் நிறுத்துவதில்லை என்று அன்றே தீர்மானித்தார். நல்ல தீர்மானம்தான். உலகத்தில் பாதி அக்கிரமம் நல்ல தீர்மானத்திலிருந்துதான் புறப்படுகிறது.

அந்த மாதம் அவருடைய மூன்றாவது மகளுக்குக் கோயிலில் ஞானஸ்நானம். குழந்தை பிலோமினா பால்நிறமாக இருந்தாள். நடுவுள்ளவள் செலினுக்கு நான்கு வயது, மாநிறத்துக்கு ஒரு படி மேல். மூத்தவள் கிரேஸுக்கு ஆறு வயது, மாநிறம். சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது, மூன்று பெண்களும் வரிசையாக நிற்பதை லூர்துராஜ் பார்த்தார். மற்ற அப்பன்களுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றுமோ தெரியாது. அவருக்கு உதாரணம் தோன்றியது.

கிரேஸ் இஸ் ஃபேர். செலின் இஸ் ஃபேரர் தன் கிரேஸ். பிலோமினா இஸ் த ஃபேரஸ்ட் ஆஃப் ஆல்.

இதில் கறுப்பு என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாருமே நல்ல நிறம். ஒருத்தியைவிட ஒருத்தி ஜாஸ்தி. பிறர் பிள்ளையும் இல்லை, தன் பிள்ளை. கேள்வி கேட்க எந்த வேடியப்பனும் வர முடியாது. லூர்துராஜுக்குத் தன் நியாய உணர்வில் ஒரு திருப்தியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு அந்த வாக்கியம் ஓடியது. புரட்டிப் போட்டும் கேட்பார். நோ அதர் கேர்ள் இஸ் ஆஸ் ஃபேர் ஆஸ் பிலோமினா. கிரேஸ் இஸ் நாட் ஸோ ஃபேர் ஆஸ் செலின். கோரஸ் தெருமுனைவரை கேட்கும். பக்கத்துப் பெண்கள் பள்ளியில் படித்த கிரேஸ், வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கேட்டுக்கொண்டு போவாள். முதலில் அவளுக்கு ஒரே பெருமை. நூறு பையன்கள் சேர்ந்து பாடும் பாட்டில் தன் பெயர்தான் முதலில் வருகிறதே! அவளுக்கும் ஒரு வருஷம் அந்தப் பாடம் வந்தது. வேறொரு டீச்சர், உதாரணத்துக்கு மாம்பழம். அன்று மாலை அவள் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகும் அந்தச் சுற்று வழியையே பழக்கமாக்கிக்கொண்டாள். ஏன் லேட்டு என்று அம்மா இஞ்ஞாசியம்மாள் கேட்டாள்; அப்பா கேட்கவில்லை.

கிரேஸ் நர்ஸ் பயிற்சி முடித்துக் கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போனாள். திங்கட்கிழமை காலை கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ்ஸில் போவாள், சனிக்கிழமை இறங்குவாள். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அரசாங்க உத்தியோகம், அடக்கமான பெண், வாத்தியார் குடும்பம்; வரன்கள் வந்தன. வந்தவை திரும்பியும் போயின. போகிறவர்கள் எல்லாரும் வாசல் தாண்டும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சாரோட மூணாவது பொண்ணு இன்னா படிக்குது?"

லூர்துராஜ் இதற்கு நகை காரணம் என்றார், மலையில் வேலை காரணம் என்றார். உண்மைக் காரணம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்யாண வயதில் இருந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பதின்மூன்று வயதில் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்திப் படித்தது அவ்வளவு சுலபமாக மறக்குமா? இவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதற்காக வருத்தப்பட வேண்டியிருந்த வாத்தியார் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

எண்பத்தாறில் சூசை வந்தான். மணலூர்பேட்டைக்காரன், சர்க்கரை ஆலையில் கிளார்க். சின்ன வயதில் மாமா சின்னப்பன் வீட்டில் தங்கி லூர்துராஜிடம் படித்தவன். பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே இஞ்ஞாசியம்மாள் செலினையும், விடுமுறைக்கு வந்திருந்த பிலோமினாவையும் நைனார்பாளையத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். அக்காவைப் பார்க்க வருகிற நாளில் தங்கைகளை வெளியூர் அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளைக்குக் கண் இரண்டு என்பதால் வந்த ஏற்பாடு. யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. அனுப்பப்படுகிறவர்களும் சினிமா பார்த்துவிட்டு வருவார்கள்.

சூசையும் அவன் தாய் சவரியம்மாளும் சின்னப்பனும் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல பையன் என்று பார்த்ததுமே தெரிந்தது. வாத்தியார் உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான். கிரேஸ் காப்பித் தட்டோடு வந்தாள். சவரியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முகத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. காரியம் கைகூடிவிடும் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சின்னப்பனுக்கு வாத்தியாரைக் கொஞ்சம் குளிர்விக்க வேண்டும் என்று தோன்றியது.

"சார், இவன் ஒங்க ஸ்டூடண்ட்டு. அந்தக் காலத்துல வூட்ல தூக்கத்துலகூட ஒங்க பாடத்த சொல்லிகினு இருப்பான். இப்பவும் மறக்கல சார். டேய் சூசை, சாருக்கு சொல்லிக் காட்டுறா."

"மாமா, சும்மா இரு."

"இன்னாடா வெக்கம்? சொல்றா, மாமியாரு வூட்லயே மார்க்கு வாங்கு."

சூசை எழுந்தான். கை தானாகவே கட்டிக்கொண்டது. வகுப்பில் கற்றுக்கொண்ட அதே ராகத்தில், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னான்: "கிரேஸ் இஸ் ஃபேர். செலின் இஸ் ஃபேரர் தன் கிரேஸ். பிலோமினா இஸ் த ஃபேரஸ்ட் ஆஃப் ஆல்."

"வெரி குட். உட்காரு," என்றார் லூர்துராஜ்.

அது பழக்கதோஷம். சரியான விடை காதில் விழுந்தால் வெரி குட் என்று சொல்லும்படி அவர் நாக்கு முப்பது வருஷமாகப் பழகியிருந்தது. நாக்கு சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குக் காது கேட்டது. நைனார்பாளையத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பிய இரண்டு பெண்களும் அந்த வாக்கியத்தில் ஏறித் திரும்பி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள்.

சூசையின் முகமும் மாறியிருந்தது. கையைக் கட்டியபடியே நின்றான்.

"இன்னாடா சொன்னே?" என்றாள் சவரியம்மாள். "பொண்ணு பேரு வந்துச்சே?"

"ஒண்ணுமில்லம்மா. இலக்கணம்."

"இலக்கணத்துல இந்தப் பொண்ணு பேரு எப்பிடிடா வந்துச்சு?"

 சின்னப்பனுக்கு ஆங்கிலம் தெரியாது; அவர் மட்டும் சிரித்த முகமாக இருந்தார். இஞ்ஞாசியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு கிரேஸ்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு தங்கச்சிங்க இருக்காங்கம்மா. நிறத்துல மூணு பேர்ல நான்தான் கம்மி, கடைசிப் பொண்ணுதான் ஜாஸ்தின்னு சொன்னாருங்க. எங்கப்பா சொல்லிக் குடுத்தது."

"இன்னும் ரெண்டு பொண்ணு இருக்குதா! சொல்லவே இல்லியே!" என்றாள் சவரியம்மாள். அவள் கண்கள் உள்ளறைப் பக்கம் போய்த் தேடிவிட்டு வந்தன. காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள்.

அவர்கள் போனபின் கிரேஸ் டம்ளர்களைக் கழுவினாள். லூர்துராஜ் கிணற்றடிக்குப் போய் நின்றார்.

"நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்? பாசிட்டிவ்லயே ஃபேர்னுதானே சொல்லியிருக்கேன். ஃபேர்னா நல்ல நிறம்னுதான் அர்த்தம்."

கிரேஸ் தலை நிமிரவில்லை. "அந்தாளு சொன்னதுகூடப் பரவால்லப்பா. நீங்க வெரி குட்னு சொன்னீங்க பாருங்க."

இஞ்ஞாசியம்மாள் சமையலறையிலிருந்து முடித்து வைத்தாள்: "ஒங்க இலக்கணம் ரொம்ப சரிங்க. வந்தவங்க இலக்கணத்தையா கட்டிகினு போவாங்க?"

அந்த வாரம் முழுக்க லூர்துராஜ் தெருவில் குனிந்தே நடந்தார். வணக்கம் சார் என்று யார் சொன்னாலும், இவனும் படித்திருப்பான், இவனுக்கும் தெரிந்திருக்கும் என்று உடம்பு கூசியது. டெய்லர், பேங்க் கேஷியர், உரக்கடைக்காரர், கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன், எல்லாரும் பழைய மாணவர்கள். ஒரு பெண்ணின் குறையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவனைப் பற்றி என்ன நினைப்போமோ, அதைத் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டார். வேடியப்பன் ஞாபகம் வந்தது. வேடியப்பனாவது தன் பிள்ளைக்காகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். கிரேஸுக்காக யார் வருவது? வரவேண்டிய ஆளே உள்ளே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

வாத்தியார்களுக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான்: திருத்தி எழுதுவது. அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. லூர்துராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கிரேஸ் இஸ் த ஃபேரஸ்ட் ஆஃப் ஆல் என்று சொல்லிக் கொடுத்தார்.

கோரஸ் எழவில்லை. முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சார், பிலோமினாதான சார் ஃபேரஸ்ட்டு?"

"யார்றா சொன்னா?"

"எங்கண்ணன் சொல்லுச்சு சார்."

"எங்க சித்தப்பாவும் அப்பிடித்தான் சார் சொல்வாரு!"

"எப்ப சார் மாத்துனாங்க?"

வகுப்பு சிரித்த சத்தம் தலைமையாசிரியர் அறைவரை கேட்டது. சாயங்காலத்துக்குள் ஊருக்குக் கேட்டுவிட்டது. டீக்கடையில் பேசினார்கள்: "டிகிரி வாத்தியாரு மூத்தத தள்ளிவுடறதுக்கு இலக்கணத்தையே மாத்திட்டாரு." பாசிட்டிவில் இருந்தவரை ஊர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. சூப்பர்லேட்டிவில் ஏற்றியதும் சிரித்தது. சனிக்கிழமை மலை பஸ்ஸில் கண்டக்டரே கிரேஸிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "புரோமோஷன் வந்துச்சாமே நர்சம்மா," என்றான். அவனும் பழைய மாணவன்தான்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"என்னைத் தள்ளிவுட கிளாஸ்ல வெளம்பரம் குடுத்தீங்களாப்பா?"

கேட்ட கையோடு உள்ளே போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் மலையிலிருந்து இறங்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. காய்ச்சல் கேஸ் ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினாள். அந்த மாதம் மலையில் காய்ச்சல் எதுவும் இல்லை என்பது லூர்துராஜுக்குப் பேப்பர் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

இந்த நிலைமையில் ஒரு மதியம் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி சூசை நின்றான்.

"சார், மன்னிக்கணும் சார்."

"நீ எதுக்குப்பா? நான் சொல்லிக் குடுத்தத சொன்னே."

"அது இல்ல சார்." சூசை சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டே இருந்தான். "அன்னிக்கு சொல்லிகினே இருக்கும்போதுதான் சார், அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குதுன்னே எனக்குத் தெரிஞ்சுது. பொண்ணு எதுர நின்னுது. ஃபேர்னு சொல்றேன், அது மொகம் சுருங்குது. எட்டாவதுல படிக்கும்போது அர்த்தமெல்லாம் யாருக்கு சார் தெரியும்? வாய்ப்பாடு மாதிரி சொல்லுவோம். அஞ்சு மார்க்கு."

"யாருக்குமே தெரியாதா?"

"எம்பக்கத்துல ஒக்காந்திருந்தவன் கிரேஸுன்னா ஏதோ ஊருன்னு நெனச்சுகினு இருந்தான் சார்."

 ஊரே தன் மகளை இழிவாகப் படித்தது என்று அப்பனாகக் கூசிக்கொண்டிருந்த லூர்துராஜுக்கு இது ஆறுதல் செய்தி. அதே செய்தி வாத்தியார் என்ற முறையில் இடியாக இறங்கியது. இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்து ஒருவனுக்கும் விளங்கவில்லை! விளங்கிக்கொண்டவர்கள் வளர்ந்த பிறகு, பெண் பார்க்கும் வயதில், தாங்களாகவே விளங்கிக்கொண்டவர்கள். இரண்டு கூச்சங்களில் எது பெரிது என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. ஒப்பீட்டில் கரைகண்டவருக்கு இப்படியும் ஒரு கணக்கு வந்தது.

"எங்கம்மா மூணாவது பொண்ணக் கேக்கச் சொல்லுது சார். எனக்கு அது வேணாம். கிரேஸுகிட்ட நீங்கதான் கேட்டுச் சொல்லணும்," என்றான் சூசை.

லூர்துராஜ் மறுநாள் லீவு போட்டுவிட்டு மலை பஸ் ஏறினார். மகள் வேலை பார்க்கும் இடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. வளைவுகளில் வயிறு புரட்டி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய் இறங்கினார். அன்று குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். வேப்பமரக் கிளையில் தராசு தொங்கியது. தாய்மார்கள் குழந்தைகளோடு வரிசையாக நின்றார்கள். பெரியம்மாள் என்ற பெண் தன் குழந்தையைத் தராசின் தொட்டில் துணியிலிருந்து எடுத்ததும் கேட்டாள்:

"நர்சம்மா, முன்னாடி போனாளே, அவ புள்ள எவ்ளோ இருந்துச்சு?"

"அவ புள்ள கணக்கு ஒனக்கு இன்னாத்துக்கு? போன மாசத்துக்கு ஒம்புள்ள ஏறியிருக்குதா? அத்தக் கேளு."

"ஏறியிருக்குதா?"

"ஏறியிருக்குது. கஞ்சியில கொஞ்சம் எண்ண ஊத்து."

பெரியம்மாளுக்குத் திருப்தியில்லை, போகும்போது முன்னால் போனவளிடமே கேட்டுக்கொள்வாள் என்று தெரிந்தது. மலையிலும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள். லூர்துராஜ் மரத்தடியிலேயே நின்றார். வரிசை முடியும்வரை கிரேஸ் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டதும் அவர் சூசை சொன்னதை அப்படியே ஒப்பித்தார். தான் மகள் முன்னால் கைகட்டி நின்றிருந்ததைக் கடைசியில்தான் கவனித்தார்.

கிரேஸ் தராசைக் கழற்றி மடித்தாள்.

"வரச் சொல்லுங்க. ஆனா செலினும் பிலோவும் வூட்லதான் இருக்கணும். ஒளிச்சு வெக்க நாங்க இன்னா ரேஷன் மண்ணெண்ணெயா?"

"அம்மா வேணாம்பாளே."

"அம்மா சொல்றதுக்கு நீங்க பயப்படாதீங்க. நீங்க வேற எதுக்காவது பயப்படுங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நல்ல வெயிலில் அவர்கள் வந்தார்கள். வாசல் கதவு, ஜன்னல் இரண்டையும் கிரேஸே திறந்து வைத்தாள். பிறகு மூன்று பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள். யாரும் நிறுத்தவில்லை, வரிசையாகவே நின்றார்கள். அப்பாவின் வகுப்பில் பையன்கள் நிற்பதைப் போலவே.

சவரியம்மாள் ஆவலாகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நடுவில் நின்ற செலினைக் காட்டி, "இதுதான பிலோமினா?" என்றாள்.

"நான் செலின்ங்க."

சவரியம்மாள் கண்ணைத் திருப்பிக் கிரேஸைப் பார்த்தாள். "இது மூத்தது. அப்ப அந்தக் கடைசிப் பொண்ணு எங்க?"

"நான்தாங்க," என்றாள் பிலோமினா.

அவளுக்குப் பதினெட்டு வயது. விடுதியில் தங்கி இரண்டு வருஷமாக வாலிபால் விளையாடிக்கொண்டிருந்தாள். கோடை முழுக்க மைதானத்தில் நின்று, கைகால் முகமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது. அன்றைக்கென்று பூசியிருந்த பவுடர் காதோரம் திட்டுத்திட்டாக நின்றது. மூன்று பேரில் அவள்தான் கறுப்பு. சின்னப்பன் வாயைத் திறந்தே விட்டார்.

"அப்ப சார் சொல்லிக் குடுத்தது தப்பா?"

லூர்துராஜ் தன் மகள்களைப் பார்த்தார். அப்படிப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே ஒருநாள் பார்த்ததோடு அவருக்குப் பார்க்க வேண்டிய வேலை முடிந்துவிட்டது. வாக்கியம் கையில் இருந்ததால் பெண்கள் தேவைப்படவில்லை. குழந்தை வளர்ந்தாள், வெயிலில் விளையாடினாள், கறுத்தாள். வாக்கியம் மட்டும் பால்நிறமாகவே இருந்தது. ஊரும் யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை. அவர் செய்த அநியாயம் பொய்கூட இல்லை, பழசாகிப்போன உண்மை. இன்ஸ்பெக்டர் முன்னால் விடை தெரியாமல் நிற்கிற பையனைப் போல அவர் நின்றார்.

சவரியம்மாளுக்குக் குழப்பம் தீர்ந்துவிட்டது. "மூத்ததே லட்சணமாத்தான இருக்குது! கடைசிக்கு இது எவ்வளவோ தேவல. அப்பறம் இன்னா, பேசி முடிச்சிடலாம்."

கிரேஸுக்கு இதில் வெற்றி என்று யாராவது நினைத்தால் அவர்கள் பிலோமினாவைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து முதலிடத்தில் இருந்தவள் அவள். நூறு பையன்கள் பாட்டாகப் பாடியது அவளைத்தான். இப்போது தலை கவிழ்ந்து, காதோரத்துப் பவுடரை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். வரிசை போகவில்லை, ஆள் இடம் மாறி நின்றாள், அவ்வளவுதான். கிரேஸ் இத்தனை வருஷம் சுமந்ததை ஒரு நொடியில் தங்கையின் தலையில் இறக்கி வைத்தாகிவிட்டது. அதை இறக்க நினைத்தவள் அவள் அல்லள். ஆனால் ஜன்னலைத் திறந்தவள் அவள்தான்.

கிரேஸ் நகர்ந்து பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடி வரிசை பாத்துச் சொல்றதா இருந்தா வேணாங்கம்மா," என்றாள் சவரியம்மாளிடம். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "மூணு பேரும் நிக்கறோம்ப்பா. இப்ப உதாரணம் சொல்லுங்க."

லூர்துராஜ் வாயைத் திறந்தார். "கிரேஸ்," என்றார். அடுத்த சொல் வரவில்லை. "செலின்," என்றார். அதற்கும் மேலே ஒன்றும் வரவில்லை. "பிலோமினா."

வெறும் பெயர்கள். வருகைப்பதிவு எடுப்பதைப் போலிருந்தது.

"உள்ளேன் ஐயா," என்றாள் பிலோமினா, பழக்கத்தில். செலின் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிலோமினாவுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. லூர்துராஜ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திண்டாடினார்.

"யம்மா, நீ கொஞ்சம் கம்முனு இரு," என்றான் சூசை தன் தாயிடம். எழுந்து நின்றவனுக்குக் கை கட்டப் போயிற்று, கீழே இறக்கிக்கொண்டான். "நான் அன்னிக்கு இந்த வூட்டுக்கு மார்க்கு வாங்க வந்துட்டேங்க. பொண்ணு பாக்க இன்னிக்குத்தான் வந்திருக்கேன். இஷ்டம் இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா காப்பி குடிச்சிட்டுப் போயிடறேன்."

கிரேஸ் காப்பிக்குத்தான் முதலில் ஏற்பாடு செய்தாள். மூன்று சனிக்கிழமைகள் கழித்துச் சம்மதம் சொன்னாள். அந்த இடைவெளியில் அவள் மலையிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டிருந்தாள் என்பதே லூர்துராஜுக்குப் போதுமாயிருந்தது.

கல்யாண விருந்தில் சூசையின் ஆலை நண்பர்கள் இரண்டு பேர் அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தார்கள். மாமனார் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாதிச் சாப்பாடு இலையிலேயே இருந்தது. அதன்பிறகு வகுப்பில் அவர் மனிதர்களை நிறுத்தவே இல்லை. பெயரடை, வினையடை எல்லாவற்றுக்கும் பஸ்தான். பையன்கள் அந்தப் பாடத்தில் தாராளமாகத் தவறினார்கள். தலைமையாசிரியர் காரணம் கேட்டதற்கு, "முன்னெல்லாம் நல்ல உதாரணம் இருந்துச்சுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஓய்வு பெற்ற நாளில் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு விழா. பழைய மாணவர் ஒருவர் பெரிய அதிகாரியாகி, காரில் வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, சாரிடம் படித்தது ஒன்றுகூட மறக்கவில்லை என்றார். நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று அதே பழைய ராகத்தில் ஆரம்பித்தார். "கிரேஸ் இஸ் ஃபேர்..." பந்தலில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் சேர்ந்து சொன்னார்கள். தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து சொன்னவர்களும் உண்டு. முடிந்ததும் கைத்தட்டல் தூள் பறந்தது. அதிகாரி மேடையிலேயே திரும்பி, கைகட்டி, விடை சொன்ன பையனைப் போல சாரின் முகத்தைப் பார்த்து நின்றார். அடுத்து சார் வாயிலிருந்து எந்த இரண்டு சொல் வரும் என்று பந்தலுக்கே தெரியும். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் மடியில் குழந்தையோடு கிரேஸ் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூர்துராஜின் உதடு அசைந்தது. கழுத்தில் கிடந்த ரோஜாமாலையைக் கொஞ்சம் மேலே இழுத்து, வாயை அதற்குள் வைத்துக்கொண்டார். கைத்தட்டல் ஓயும்வரை எடுக்கவில்லை. சாருக்கு உணர்ச்சிப்பெருக்கு என்று ஊர் எடுத்துக்கொண்டது.